பச்சைப் பொட்டலத்தைத் தின்றவன்

எங்கள் கட்டடத்தின் காவலாளி ஜியென் ஷ்வே-லாயைப் பற்றி எழுத எனக்கு அருகதை குறைவு. தைவானின் கீலுங் துறைமுகத்துக்குப் பின்தெருவில் எட்டு மாடி, முப்பத்திரண்டு வீடுகள். அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல முப்பத்தொரு வீட்டுக்காரர்களுக்குத் தகுதி உண்டு. மீதி ஒரு வீட்டுக்காரன்தான் அவர் மகளின் கல்யாண விருந்தைக் கெடுக்கப் பார்த்தவன். மூன்றாம் மாடி, இடப்பக்கம். நான்தான்.

ஜியெனுக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் பாரம் தூக்கும் வண்டி ஓட்டிவிட்டு, முதுகு ஒத்துழைக்க மறுத்தபின் எங்கள் வாசல் மேசைக்கு வந்தவர். பார்சல் வாங்கி வைப்பார். குப்பை வண்டியின் இசை தெருமுனையில் கேட்டதும், பைகளோடு இறங்கி ஓடுகிறவர்களுக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வருஷத்தில் பாதிநாள் மழை பெய்யும் ஊரில், எந்தக் குடை யாருடையது என்று பார்த்தவுடன் சொல்வார். நான் யாரையும் எளிதில் பாராட்டுவதில்லை. அதை நெடுநாள் கறார் என்று நினைத்திருந்தேன். சோம்பேறித்தனம் என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

அவர் மேசையில் கட்டடத்தின் கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பக்கத்தில், சுவரை ஒட்டி நிமிர்ந்து நின்றது அவருடைய சொந்த ஹார்ட் டிஸ்க். சின்னச் செங்கல் அளவு, கறுப்பு. அதற்குள்தான் மகள் பெய்-சென்னின் இருபத்தொன்பது வருஷப் படங்கள் இருந்தன. காவல் நேரத்தின் ஓய்வில் மூன்று வருஷமாக ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து ஏற்றியவை. காகிதப் படங்கள் அப்புறம் ஒரு புயல் மழையில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தபோது கூழாகிவிட்டன. விருந்தில் முதல் தட்டு முடிந்ததும் விளக்கணைத்து, பெண்ணும் பிள்ளையும் வளர்ந்த கதையைத் திரையில் ஓட்டாமல் இங்கே கல்யாணம் கிடையாது.

அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. பெய்-சென்னின் அம்மா பிரிந்து தெற்கே போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் ஜியென் ஒவ்வொரு படத்திலும் மனைவியைக் கம்ப்யூட்டரிலேயே வெட்டி எடுத்துவிட்டுத்தான் ஏற்றினார். மகள் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம்: "என்னைத் தூக்கி வச்சிருக்கிற கை யாரோடதுப்பா?" மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப முழுசாக ஏற்ற ஆரம்பித்தார். நான் படித்த அறவியல் நூல்களில் மனம் மாறுவதைப் பற்றி நிறைய உண்டு. ஒரு வருஷ வேலையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிற ஆளைப் பற்றி அதிகம் இல்லை.

"இன்னொரு பிரதி எடுத்து வைக்கவா வாத்தியாரே?" என்று அவர் என்னிடம் கேட்டதுண்டு. நான் தொழிற்பள்ளியில் குடிமையியல் சொல்லிக் கொடுப்பவன்; இந்த ஊரில் அது போதும், கம்ப்யூட்டர் உட்பட எல்லாம் தெரிந்தவன் ஆகிவிட. நிலையாமையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினேன். முடிந்தபோது கேள்வி என்ன என்பது இருவருக்குமே மறந்துவிட்டது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய செவ்வாய் மதியம் நான் ஒரு புத்தகப் பார்சலுக்காகக் கீழே காத்திருந்தேன். புத்தகம் காரண காரியத் தொடர்பைப் பற்றியது. ஹார்ட் டிஸ்க்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பச்சைப் பொட்டலம் செருகியிருந்தது. தேங்காய் வாசனையுள்ள சோளப்பொரித் தீனி. அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்று அர்த்தம். அலுவலகம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், எங்கே இயந்திரம் இருந்தாலும், அது மக்கர் பண்ணாமல் சமர்த்தாக ஓடட்டும் என்று பக்கத்தில் இதையும் வைத்திருப்பார்கள். பச்சைதான் வேண்டும்; தெரு சிக்னல் மாதிரி மஞ்சளும் சிவப்பும் இயந்திரத்தை நிறுத்திவிடும். பிரிக்கக் கூடாது. காலாவதி ஆவதற்குள் மாற்றிவிட வேண்டும்.

"ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு நடந்தா, முதல்ல நடந்தது காரணம் ஆயிடாது ஜியென் அண்ணே" என்றேன்.

"ஆகாட்டிப் போகட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவர் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போனார். நான் பொட்டலத்தை உருவிப் பிரித்துத் தின்றேன். பரிசோதனை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை.

திரும்பி வந்தவர் காலி உறையைப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா? ஒண்ணும் ஆகலை."

"நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் அடையாளம் காணவில்லை.

ஜியென் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஐந்தாம் மாடி வென் அக்காதான் சொன்னாள். குடியிருப்போர் சங்கத் தலைவி, முன்பு மீன் ஏலத்தில் கூவியவள். அவள் மெதுவாகப் பேசினாலும் நாலு மாடிக்குக் கேட்கும்.

"தின்னுட்டாராம்! கேட்டீங்களா கதையை? சாமிக்கு வச்ச பழத்தைக்கூட ஊதுபத்தி அணையற வரைக்கும் விட்டு வைப்பாங்க."

"அக்கா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"பொட்டலம் இருந்தப்ப டிஸ்க் இருந்துச்சு. பொட்டலம் உங்க வயித்துக்குப் போச்சு, டிஸ்க் காணாமப் போச்சு. எனக்கு இவ்வளவுதான் தெரியும் வாத்தியாரே."

"தின்னது தப்பில்ல" என்றார் ஜியென், சமாதானமாக. "டிஸ்க்குகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தின்னிருக்கலாம்."

நான் முறைப்படி ஆராயப் புறப்பட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கேபிளை முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றினேன். என் லேப்டாப்பைக் கொண்டுவந்து, டிஸ்க்கைப் படுக்க வைத்துச் செருகினேன். அதுவும் கண்டுகொள்ளவில்லை. டிஸ்க்கின் மேல் காதை வைத்தேன். சுழல்கிற மாதிரியும் இருந்தது, என் காதிலேயே இரைகிற மாதிரியும் இருந்தது. வேறு கேபிள் போடலாம் என்றால், டிஸ்க்கின் அந்தப் பழைய அகல வாய்க்குப் பொருந்துவது எதிர்க்கடையில் இல்லை. திங்கட்கிழமை வரும் என்றார்கள். கண்டறியப்படாத ஒன்று இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியை இருபது வருஷமாக வகுப்பில் ரசித்து நடத்தியிருக்கிறேன். அந்த வியாழக்கிழமை ரசிக்க முடியவில்லை.

மறுபடி கம்ப்யூட்டரில் செருகியபோது ஒரே ஒரு முறை நீல விளக்கு எரிந்தது. திரையில் ஒரு கட்டம் வந்தது: பயன்படுத்துமுன் இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா? கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவன் நான். விரல் ‘ஆம்’ பக்கம் போய்விட்டது. பாரம் தூக்கும் வண்டியின் நெம்புகோலைப் பிடித்த கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"என்ன கேக்குது அது?"

படித்துப் பார்த்தேன். "எல்லாத்தையும் அழிச்சிடட்டுமான்னு கேக்குது."

கையை விட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பெய்-சென் அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டேன் வாத்தியாரே. நீ எல்லாப் படத்துலயும் இருக்கே, வந்து பாருன்னு. இப்ப படமே இல்லைன்னா நான் மறுபடியும் வெட்டிட்டேன்னுதான் நினைப்பா."

நான் கேபிளைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்பை வண்டி நேரத்துக்கு எல்லா வீட்டுக்காரர்களும் பைகளோடு இறங்கி வந்தார்கள்; எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வென் அக்கா தன் பையை லாரியில் வீசிவிட்டு வந்து தீர்ப்பு சொன்னாள்.

"தின்னவர் போய் வாங்கிட்டு வரணும். பச்சை. கலர் தெரியும்ல?"

போனேன். நம்பிக்கையால் அல்ல, வெட்கத்தால். முதல் கடையில் மஞ்சள்தான் இருந்தது. இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்றாவது கடைக்குப் போகும்போது மழையில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. கடைக்காரம்மா பச்சைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டே கேட்டாள்:

"மெஷினுக்கா, சாப்பிடவா?"

"சாப்பிட" என்றேன்.

"அப்ப இதை எடுத்துக்குங்க, தேதி கிட்ட வந்துடுச்சு."

"இல்லை... புதுசே கொடுங்க."

அவள் சிரித்தாள். "எந்த மெஷின்?"

ஜியென் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பேனாவால் தேதி எழுதினார். ஹார்ட் டிஸ்க்கை முன்போல் நிமிர்த்தி வைத்து, கேபிளைச் செருகி, "வாத்தியார் பசியில பண்ணிட்டார், மனசுல வச்சுக்காதே" என்றார். பிறகு பொட்டலத்தை அதற்கும் சுவருக்கும் நடுவே, பழைய இடத்தில், அழுத்திச் செருகினார்.

நீல விளக்கு எரிந்தது. அணையவில்லை. திரையில் படங்களின் பெட்டி திறந்தது.

வென் அக்கா கைதட்டினாள். நான் குனிந்து பார்த்தேன். கேபிளின் முனை டிஸ்க்கின் வாயில் தளர்ந்திருந்தது. காற்று நிரம்பிய பொட்டலம் அதைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தது. விரலால் பொட்டலத்தைச் சற்றே நகர்த்தினேன், விளக்கு போனது. விட்டேன், வந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்! முனை லூசு! பொட்டலம் முட்டுக் கொடுத்திருக்கு, அவ்வளவுதான்! இதுல சாமியும் இல்லை, பூதமும் இல்லை!"

"அப்ப நீங்க தின்னதாலதான் போச்சு" என்றாள் வென் அக்கா.

யோசித்தேன். காரண காரியத் தொடர்பு பற்றிய புதுப் புத்தகம் மாடியில் பிரிக்கப்படாமல் கிடந்தது.

"ஆமா" என்றேன்.

"இதை முதல்லயே நான் சொன்னேன்."

"வாத்தியாரே" என்றார் ஜியென், "முதல்ல அந்தக் கையை எடுங்க."

படங்களைக் கம்ப்யூட்டரிலும் என் லேப்டாப்பிலும் இரண்டு பிரதி எடுத்தோம். இரண்டரை மணி நேரம் ஆனது. யாரும் மேசையைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நான் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை வென் அக்காவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை முதல் தட்டு முடிந்து விளக்கணைந்தது. துறைமுகத்தில், பாரம் தூக்கும் வண்டியின் இருக்கையில் கைக்குழந்தை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். கைகளுக்கு மேலே, முழுசாக, ஒரு முகம். பெற்றோர் மேசையில் ஜியெனிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த பெண்மணி முன்னால் சாய்ந்து பார்த்தாள். ஜியென் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

புரொஜெக்டர் மேல் ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தது. மண்டபத்தில் இருபத்திரண்டு மேசைகள். என் பெயர் எழுதிய சீட்டு இருபத்திரண்டாவதில், சமையலறைக் கதவை ஒட்டி, புரொஜெக்டரிலிருந்து முடிந்தவரை தூரத்தில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் வென் அக்கா.

"பசிக்குதா வாத்தியாரே?" என்று கேட்டு, இறால் தட்டை என் பக்கம் தள்ளினாள்.