அப்பா கனடாவுக்குக் கத்திய நாள்

காயாத லைஃப் ஜாக்கெட்டின் வாடையும் சன்கிரீம் வாசனையும்... எங்காவது சேர்ந்து அடித்தால் எனக்கு அந்தக் கோடை நினைவுக்கு வந்துவிடும்.

ஸ்டுட்கார்ட்டில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. வாரத்தில் நாலு நாள் நெக்கார் ஆற்றில், இருபது பேர் சேர்ந்து துடுப்புப் போடும் டிராகன் படகுப் பயிற்சி. எப்படியோ யேர்மனி அணியில் இடம் கிடைத்துவிட்டது. அணியின் ரீசேர்ட்டை அம்மா அயர்ன் பண்ணியே மடித்துவைப்பார்.

அந்த வருஷம் உலகப் போட்டி யேர்மனியிலேயே நடந்தது. எங்களுக்குப் பயம் கனடாதான். அவர்கள் தொடக்கத்திலேயே பாய்ந்துவிடுவார்கள். நாங்கள் நிதானம், பாதித் தூரத்துக்குப் பிறகுதான் பிடிப்போம். பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: முன்னால் இருப்பவர்களின் துடுப்பிலிருந்து கண்ணை எடுக்காதே.

கனடா படகில் யார் என்று நினைக்கிறீர்கள்? என் சித்தியின் மகள் வாணி. ரொறொன்ரோவில் பிறந்தவள். எங்கள் ஆட்கள்தான் எங்கும் இருக்கிறோமே...

இறுதிப் பந்தயம். கனடா முன்னால். நாங்கள் பிடித்துக்கொண்டு வந்தோம். அரைப் படகுத் தூரம்... கால் படகு... அப்போது கரையில் அப்பாவின் குரல்.

"வாணி, விடாதை! இழு பிள்ளை!"

என்னை அறியாமல் திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடிதான். என் துடுப்பு முன்னால் இருந்தவளின் துடுப்பில் போய் இடித்தது.

கனடாவுக்குத் தங்கம், எங்களுக்கு வெள்ளி.

அணியில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. காரில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் பின்சீட்டில் போய் ஏறினேன். எங்கள் வீட்டுக்கு வரவென்று கூட ஏறிய வாணி பதக்கத்தை ஜாக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, அம்மா கொடுத்துவிட்ட ரோல்ஸைச் சத்தமில்லாமல் சாப்பிட்டாள்.

வீட்டு வாசலில்தான் கேட்டேன், பெற்ற பிள்ளை நான் படகில் இருக்க ஏன் அவளுக்குக் கத்தினீங்கள் என்று.

"உனக்குக் கத்த அந்தக் கரை முழுக்க ஆக்கள் நிண்டவை," என்றார் அப்பா. "சித்திக்கு இஞ்சை வர லீவும் கிடைக்கேல்லை. அவளுக்கு நான் ஒராள்தானே."

அன்றைக்கு எனக்கு அது சமாதானமாக இல்லை. அழுதுவிட்டுப் படுத்தேன்.

இப்போது தோள் வலி, துடுப்பை விட்டுப் பல வருஷம். சீனா பலமா, கனடா பலமா, நாங்கள் எத்தனையாவது என்பதெல்லாம் போனில் பார்ப்பதோடு சரி. பக்கத்தில் பந்தயம் நடந்தால் மட்டும் போவேன். போய், கரையில் கத்த ஆளில்லாத படகு எது என்று தேடி அங்கே நிற்பேன்.

போன கோடையில் அப்படி ஒரு படகுக்குக் கத்தினேன். எந்த நாடு என்றுகூடச் சரியாகத் தெரியாது. கடைசியாகத்தான் வந்தார்கள். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தேன்... அப்பா இஞ்சி போட்டுப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்.