றோசின் பல்லுக்கு இழுத்த கம்பி

பொன்கம்பியின் நுனியை அரத்தில் உரசி ஊசிபோல் கூராக்கிய கைகள், உருக்குத் தகட்டில் வரவரச் சிறுக்கும் துளைகளைத் தடவிக்கொண்டுபோய் எட்டாவதில் நின்றன. கூரான நுனி துளைக்குள் நுழைந்து மறுபக்கம் தலைகாட்டியதும் குறடு அதைக் கவ்வியது. தகட்டைப் பாதங்கள் உதைத்துப் பிடிக்க, கைகள் ஒரே சீராக இழுத்தன. நடுவில் நின்றால் கம்பியில் தழும்பு விழும். நிற்கவில்லை.

அவை வண்ணார்பண்ணைத் தம்பிராசாப் பத்தரின் கைகள். வயது ஐம்பத்திரண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நகைவேலையைச் சிற்றப்பனின் பட்டறையில் பார்த்துப் பழகினார். மிச்சத்தைத் தானே செய்து, கெடுத்து, திரும்பச் செய்து கற்றுக்கொண்டார். கண்ணளவை நம்பமாட்டார். தடிப்புப் பார்ப்பதற்குப் பித்தளைத் தகட்டில் தானே வெட்டிய அளவு ஒன்று எப்போதும் மடியில் இருக்கும். தோட்டின் திருகு சற்று ஆடினாலும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்வார். கலியாண வீட்டார் தாமதத்துக்காகத் திட்டுவார்கள். அடுத்த கலியாணத்துக்கும் அவரிடமே வருவார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு சாண் கம்பியோடு பதினேழு நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு புழுக்கொடியலால் வந்தது. குருநகர் யாகோப்பின் மகள் றோசுக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய மேல்வரிசைக் கோரைப்பல் ஒன்று வரிசைக்கு வெளியே துருத்தி முளைத்து, உதட்டின் உட்புறத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. சாப்பிட்டாலும் எரியும், கதைத்தாலும் எரியும். கல்கத்தாவில் படித்துவந்த பல்வைத்தியர் செபநாயகம், இரண்டு பக்கத்துக் கடைவாய்ப்பற்களிலும் பொன்வளையம் மாட்டி, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பல்வரிசையின் முன்னால் வில்லாக ஒரு பொன்கம்பியைப் பொருத்தி, அந்தப் பல்லை நூல்போன்ற சிறுகம்பியால் வில்லோடு கட்டினார். எட்டு மாதத்தில் பல் வரிசைக்குள் வந்துவிட்டது. புண் ஆறியது. ஆறிய மகிழ்ச்சியில் பிள்ளை புழுக்கொடியலைக் கடித்தாள். அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு விறகுக்கு அடுத்தபடி. வில் இரண்டாக முறிந்தது. புதுக்கம்பி லண்டனிலிருந்து வரவேண்டும். யுத்தம் தொடங்கி இரண்டாம் வருடம், கப்பலை நம்பி இருக்க முடியாது.

வைத்தியர் முறிந்த துண்டோடு பட்டறைக்கே வந்தார். பல்லுக்குப் போடும் பொன்பூண்களை அவருக்குச் செய்துகொடுப்பவர் பத்தர்தான்.

"நகர்ந்த பல்லைச் சுத்தி எலும்பு இன்னும் இறுகேல்லை, பத்தர். பிடிச்சு வைக்கக் கம்பி இல்லாட்டில் பல்லு வந்த வழியே திரும்பிப் போயிடும். மூண்டு கிழமைக்குள்ளை வேணும்."

"பல்லு எங்கை ஐயா போறது? எலும்பிலை ஆணி மாதிரி அறைஞ்சு கிடக்கிற சாமான் எல்லோ?"

வைத்தியர் பையிலிருந்து இரண்டு சுண்ண அச்சுகளை எடுத்து வைத்தார். ஒன்று எட்டு மாதத்துக்கு முன் எடுத்தது, மற்றது போன மாதம் எடுத்தது. இரண்டும் றோசின் வாய். பத்தர் மடியிலிருந்த அளவை எடுத்து வைத்துப் பார்த்தார். ஐந்தாறு அரிசித் தடிப்பு தூரம் பல் வந்திருந்தது. ஈறு கிழியாமல், எலும்பு உடையாமல், வேரோடு.

"எப்பிடி?" என்றார்.

"வேருக்கும் எலும்புக்கும் நடுவிலை மெல்லிய சவ்வொண்டு இருக்கு. ஒரு பக்கமாய் அமத்திக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்து எலும்பு கரைஞ்சு வழிவிடும். பல்லு விட்டுட்டுப் போற பக்கத்திலை புது எலும்பு வளந்து நிரப்பும்."

"அப்ப நல்ல பலமாய் அமத்தவேணும்."

"அதுதான் இல்லை. பலமாய் அமத்தினால் அங்கை ரத்தம் ஓடாது, பல்லும் நிண்டுடும். நாலு கொட்டைப்பாக்கின்ரை பாரம் காணும். ஆனால் இரவு பகல் விடக்கூடாது."

பத்தர் நாக்கால் தன் பற்களை ஒவ்வொன்றாகத் தடவினார். முப்பத்தைந்து வருடமாக மனித உடம்பில் பொன்னைப் பூட்டியவர் அவர். காதிலும் கழுத்திலும் அது சும்மா கிடந்ததைத்தான் கண்டிருக்கிறார். நாலு பாக்குப் பாரத்துக்கு எலும்பு வழிவிடும் என்பதை அன்று பகல் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தார். சோறு ஆறிப்போனது.

ஆறு நாளில் முதல் கம்பி முடிந்தது. கடைசி வேலையாக அதைத் தணலில் சிவக்கக் காய்ச்சி, புளித்தண்ணீரில் போட்டுக் கழுவினார். காய்ச்சி இளக்காத கம்பியைக் கைமாற்றுவது தொழிலில் வெட்கக்கேடு. வைத்தியர் அதை அச்சின்மேல் வளைத்துப் பொருத்தி, ஒரு விரலால் அமத்திவிட்டு எடுத்தார். கம்பி அமத்திய இடத்திலேயே நின்றது.

"உங்கடை கம்பி நல்ல மரியாதைக்காரன், பத்தர். குனியச் சொன்னால் குனிஞ்சபடி நிக்கிறான். எனக்குச் சொல்வழி கேளாதவன்தான் வேணும்."

முறிந்த துண்டைப் பத்தரின் விரல்களுக்கிடையில் வைத்து அமத்தச் சொன்னார். அது எதிர்த்துத் தள்ளியது. விட்டதும் பழைய வடிவத்துக்கே திரும்பியது. இந்தத் திரும்பும் ஆசைதான் பல்லை இழுக்கிறது என்று பத்தருக்கு அப்போது விளங்கியது. தான் நெருப்பில் போட்டுக் கொன்றதும் அதைத்தான்.

துண்டை உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். கோடு வெளிறியிருந்தது, வெள்ளியல்லாத ஏதோ ஒரு வெள்ளை உலோகம் கலந்திருந்தது. அது அவரிடம் இல்லை. பொன்னோடு செம்பையும் வெள்ளியையும் கூட்டிக் குறைத்து உருக்கினார். முதல் கலவை துளைக்குள்ளேயே முறிந்தது. அடுத்தது வளைக்கும்போது முறிந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி பராசக்தி. "உலகம் எரியுது, நீங்கள் பல்லுக்கு அட்டியல் செய்யிறியள்."

"அட்டியல் எண்டால் எப்பவோ முடிச்சிருப்பன்."

மூன்றாவது கலவைதான் இப்போது எட்டாம் துளையைத் தாண்டியிருந்தது. அதுவரை துளைக்குத் துளை காய்ச்சினார். மிச்சம் நாலு துளைக்கும் நெருப்பில்லை. ஒவ்வொரு துளையிலும் கம்பி மேலும் விறைத்தது. கை தானாகத் தணல் பக்கம் போனது. இரண்டு தரம் இழுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் துளையில் மூச்சைப் பிடித்து இழுத்தார். முறியவில்லை.

இனி, கம்பியின் இரு நுனியையும் பல்வளையங்களில் மாட்டும் கொளுக்கிகள். பொடிவைத்து ஊதிப் பற்றவைக்கும் சூட்டில் கம்பி திரும்பவும் இளகிவிடும். அதனால் கம்பி முழுவதையும் ஈரக் களிமண்ணில் புதைத்து, ஓர் எள்ளளவு இடத்தை மட்டும் வெளியே விட்டு, அந்த எள்ளில் மட்டும் சுவாலை படும்படி ஊதினார். ஒரு கொளுக்கிக்கு ஒரு நாள்.

பத்தொன்பதாம் நாள் காலை, வைத்தியரின் அறையில் றோஸ் நாற்காலியில் இருந்தாள். பல் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. உதட்டில் பழைய இடம் சிவந்திருந்தது.

"பத்தர், சரிவருமோ?" என்றார் யாகோப்பு. "பிள்ளை ரெண்டு நாளாய்க் கஞ்சிதான் குடிக்கிறாள்."

"புழுக்கொடியல் இனிமேல் ஆகாது, பிள்ளை," என்றார் பத்தர்.

"மூக்காலை மணந்துகூடப் பார்க்கமாட்டன்," என்றாள் றோஸ், உதட்டை அசைக்காமல்.

பத்தர் சுண்ண அச்சின்மேல் வில்லைப் பொருத்தி, எல்லோரும் பார்க்க விரலால் அமத்தினார். எடுத்தார். வில் துள்ளி எழுந்து தன் இடத்தில் நின்றது. செபநாயகம் கையை நீட்டினார். தம்பிராசாப் பத்தர் வில்லைக் கழற்றி, மேல்துண்டின் நுனியால் துடைத்து, அந்த உள்ளங்கையில் வைத்தார்.