எல்லைக் கிராமத்துக் காணி

காணியைப் பார்க்க இலங்கைக்குப் போகிறேன் என்று அப்பா சொன்னார். அகதி முகாமிலிருந்து நாடு திரும்புகிறவர்களுக்கு அது ஒருவழிப் பயணம். போனால் திண்டுக்கல்லுக்குத் திரும்பி வர விடமாட்டார்கள்.

நான் இந்த முகாமில்தான் பிறந்தேன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்பாவின் ஊர், தமிழர் பகுதியும் சிங்களர் பகுதியும் சந்திக்கும் ஓர் எல்லைக் கிராமம். போர் தொடங்கிய காலத்து ஜனாதிபதியின் ஆட்சியில், உடனே ஊரைக் காலி செய்யச் சொல்லிப் பட்டாளம் வந்து நின்றது. அப்போது அப்பாவுக்கு மீசைகூட முளைக்கவில்லை. பிறகு தெற்கிலிருந்து ஏழைச் சிங்களக் குடும்பங்களைக் கூட்டிவந்து அங்கே குடியேற்றினார்கள். அந்த ஜனாதிபதி இறந்துவிட்டார், போரும் முடிந்துவிட்டது. அவர் செய்துவைத்த குடியேற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

காணியைத் திருப்பிக் கேட்பவர்களை அரசு விசாரிக்கிறது, உரியவர் நேரில் வரவேண்டும் என்று வவுனியாவிலிருந்து அத்தை போன் பண்ணியிருந்தார்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன், பிள்ளை."

"வாரேன்னு சொல்லாதீங்கப்பா. திரும்ப விடமாட்டாய்ங்கன்னு உங்களுக்கும் தெரியும்ல?"

அவர் சட்டையை மடித்துப் பையில் வைத்தார். சில நாளில் கிளம்பியும் விட்டார்.

விசாரணை நாளன்று எனக்குப் பகல் ஷிப்ட். போனை மில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறுந்த நூலை ஒட்டும்போதெல்லாம் அப்பா யாரிடமாவது கத்துவாரோ, யாராவது கை ஓங்குவார்களோ என்று ஒரே நினைப்பு. வெளியே வந்து பார்த்தால் அத்தை பலமுறை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டால் போகவில்லை.

"செத்த நேரம் பொறு, டவர் இல்லாத ஊரா இருக்கும்" என்றாள் பஸ்ஸில் பக்கத்திலிருந்த அக்கா. என்னால் உட்காரவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்டுமில்லை. விசாரணைக்கு முன்னம் எங்கட காணியைப் பாக்கப் போனன். அங்க ஒரு சிங்கள மனுசி இருக்கிறா. அவவின்ர தகப்பனைத்தான் அங்க கொண்டுவந்து இருத்தினவங்களாம். பிறகு சண்டையில அந்த ஆளைச் சுட்டுப்போட்டாங்கள், எங்கட தமிழ் ஆக்கள்."

"உங்கள ஏதும் சொன்னாங்களா?"

"என்னைக் கண்டதும் பயந்து கதவைப் பூட்டிட்டா. என்னோட வந்த அத்தையும் பயந்துதான் உனக்குப் போன் எடுத்தவ. நான் கிணத்தடியில நிண்டன். கனநேரத்துக்குப் பிறகு வெளியில வந்து தண்ணி தந்தா. அவவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். 'எங்களைத் துரத்துவீங்களா?' எண்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணியைக் குடிச்சிட்டு வந்திட்டன்."

விசாரணையில், அந்தக் காணியைத் திருப்பித் தர முடியாது, வேறு இடத்தில் தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். எங்கே என்று சொல்லவில்லை. சண்டை போடுவார் என்று நான் நினைத்த அப்பா, சரி என்று தலையாட்டிவிட்டார்.

இப்போது அவர் அத்தை வீட்டில் இருக்கிறார். காணி கிடைத்ததும் நீயும் வா என்கிறார். எனக்குத் தெரிந்த ஊர் திண்டுக்கல்தான். ஆனால் இந்த நாட்டின் குடிமகளாக என்னை இன்னும் ஏற்கவில்லை. தினமும் காலையில் மில் பஸ் வருவதற்கு முன்னால் அவருக்குப் போன் போடுகிறேன். அவர் எடுத்துப் பேசும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.