இரண்டு கல்லறைக்கு மெழுகுவர்த்தி

என் மாமியார் மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். பெந்தெகொஸ்தே சபை. உடம்பில் குண்டுமணித் தங்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலைதான். நான் ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அப்பா தூத்துக்குடியிலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்தவர். ரெண்டு பேர் வீட்டிலும் ஒரே இயேசுதானே என்று சொல்லித்தான் என் கணவர் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கினார். அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் எனக்கும் அத்தைக்கும் முட்டிக்கொண்டது.

மாதா படத்தை ஹாலில் மாட்டக்கூடாது என்றார். நான் சமையலறையில் மாட்டினேன். என் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் சாயங்காலம் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுவார். "அம்பத்து மூணு வாட்டி சொன்னாத்தான் மாதாவுக்குக் காது கேக்குமா?" என்பார் அத்தை. அம்மா அசரமாட்டார். "நீங்க போடுற சத்தத்துக்கு மோட்சத்துல இருக்கிறவங்கதான் பாவம்" என்பார். அப்புறம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

போன வருஷம் வைகாசியில் அம்மா போய்விட்டார்.

நவம்பர் ரெண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தவர்களின் ஆத்துமாவுக்காக வேண்டிக்கொள்வோம். அத்தையின் சபையில் இது ஆகாது. உயிரோடு இருக்கும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது, செத்தவர்களுக்கு நாம் செய்ய ஒன்றுமில்லை என்பார். அம்மாவுக்குப் போன வருஷம்தான் முதல் கல்லறைத் திருநாள். எனக்கோ மழைத் தண்ணீரில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அம்மா போனபின் அப்பா தூத்துக்குடிக்கே போய்விட்டார், கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. கணவருக்குத் திருமழிசை கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் கல்லறை மட்டும் அன்றைக்கு வெறுமையாகக் கிடக்குமே என்று காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தேன்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க கீது, சொல்லு. நான் போய் வெச்சிட்டு வரேன். ஆனா ஜெபம்லாம் பண்ணமாட்டேன், ஆமா."

வேப்பமரத்திலிருந்து மூன்றாவது, மரச்சிலுவை என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் நனைந்துபோய் வந்து, போனில் எடுத்த படத்தைப் பெருமையாகக் காட்டினார். சுத்தமாகக் கூட்டிப் பெருக்கி, சாமந்தியைப் பரப்பி, குடை பிடித்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார். ஆனால் அந்தச் சிலுவை கறுப்பு. அம்மாவுடையது வெள்ளை. அங்கே ரெண்டு வேப்பமரம் இருப்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். மழையில் பெயர்கள் அழிந்திருந்ததால் அவருக்கும் தெரியவில்லை.

தப்பு என்னுடையது. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தில், "அம்மாவோடது இன்னொரு வேப்பமரத்துக்கிட்ட, வெள்ளைச் சிலுவை! வேற யாருக்கோ வச்சிட்டு வந்திருக்கீங்க அத்தை, உங்களுக்கு எல்லாக் கல்லறையும் ஒண்ணுதானே!" என்று கத்திவிட்டேன். அவர் ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் திரும்ப ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாமல் கட்டிலில் கிடந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வீடியோ கால் வந்தது. வெள்ளைச் சிலுவை தெரிந்தது. அதன் கீழே, குடைக்கடியில், ரெண்டு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன.

"இதானே உங்கம்மா? நல்லாப் பாத்துக்கோ. உன் ஜெபத்த நீ சொல்லு, நான் போனைப் புடிச்சிக்கினு கீறேன்."

சொன்னேன். ஜெபமாலையின் அம்பத்து மூன்று மணியும் சொன்னேன். கால்மணி நேரத்துக்கும் மேலாக அந்த மழையில், தான் நம்பாத ஒரு ஜெபத்துக்காக அவர் கை அசையாமல் போனைப் பிடித்திருந்தார். ஒரு தடவைகூட ஆமென் சொல்லவில்லை. அன்றைக்கு அவரைப் பிடித்ததுபோல் எனக்கு யாரையும் பிடித்ததில்லை.

இந்த வருஷம் கால் சரியாகிவிட்டது. ரெண்டு பேருமே கிளம்பினோம். கடையில் நான் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கினேன்.

"இன்னொண்ணு வாங்கு" என்றார் அத்தை. "அந்தக் கறுப்புச் சிலுவைக்கு."

"செத்தவங்களுக்கு ஒண்ணும் தேவையில்லன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"தேவையில்லதான்" என்றார் சிடுசிடுப்பாக. "போன வருசம் வெச்சோம்ல? இந்த வருசம் வெக்கலன்னா, அது நம்ம வழியப் பாத்துக்கினே இருக்காதா?"