எண்ணெய் குடித்த பலகை

சித்திரை மாதத்துப் பரமத்தி வேலூரில், வியர்ப்பதற்கென்றே வீட்டுக்குள் ஓர் அறை கட்டி, அதற்குள் அடுப்பும் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ஒரே மனிதர் என் மாமாதான். அம்மாவின் தம்பி. பின்லாந்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற சவுனாவை இங்கேயும் கட்டிவிட்டார். சுவர், கூரை, உட்காரும் படி எல்லாமே வெளுத்த மரப்பலகை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏனுங்க, வெளிய அடிக்கிற வெயிலு பத்தலீங்களா?"

அந்த மரத்தின் மேல் மாமாவுக்கு அப்படியொரு உயிர். ஈரச் செருப்போடு உள்ளே போகக் கூடாது. துண்டு விரிக்காமல் உட்காரக் கூடாது. வெளியே வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் படியைத் துடைத்து, கதவைத் திறந்துபோட்டுக் காயவிட வேண்டும். வார்னிஷ் என்று யாராவது பேச்செடுத்தால் அடிக்கவே வந்துவிடுவார். சூடேறினால் அது இளகி நாறுமாம். எண்ணெய் ஆகவே ஆகாது, மரம் குடித்துக் கறுத்துவிடும். பள்ளி விடுமுறைக்குப் போயிருந்த நான், தலையில் தேங்காய் எண்ணெயோடு எட்டிப் பார்த்ததற்கு, காதைப் பிடித்து வெளியே விட்டார்.

விடுமுறைக்கு நான் மட்டும்தான் போவேன். மாமா பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டிக் குடிபோன அன்று, விருந்துப் பந்தியில் முதல் இலையில் வேறு யாரையோ உட்காரவைத்துவிட்டார்கள். வீட்டு மாப்பிள்ளையான அப்பா கை நனைக்காமல் எழுந்து வந்தவர், பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் போகாத வீட்டுக்கு அம்மாவும் போக முடியாது. குழந்தைக்கு என்ன ரோஷம் என்று என்னை மட்டும் அனுப்பிவைப்பார்கள். அம்மா தன் பிறந்த வீட்டைச் செல்போனில் பார்ப்பாள். மாமா வீடியோவில் வந்தால், "கொல்லைப் பக்கம் காட்டு சாமி" என்பாள்.

நல்லவேளையாக அப்பாவுக்கு முதுகுவலி வந்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த அவர் குனிந்து நிமிர்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர். சூட்டில் உட்கார்ந்தால் கேட்கும் என்று யாரோ சொல்ல, வறட்டு ரோஷத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் புறப்பட்டார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து அம்மாவுக்கு ஒரே பயம். தம்பி ஏதாவது ஒரு சொல் சொல்லிவிட்டால், இனி அந்த வீடு அவளுக்கு இல்லவே இல்லை.

அப்பா அங்கே போய்ச் சட்டையைக் கழற்றினார். நல்லெண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, உச்சி முதல் உள்ளங்கால் வரை வழிய வழியத் தேய்த்துக்கொண்டார்.

"சனிக்கெழமையும் அதுவுமா எண்ணெ வெக்காம சூட்டுல உக்காந்தா கண்ணு அவிஞ்சு போயிரும் மாப்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

துண்டும் விரிக்கவில்லை. வெளியே வந்தபோது மேல்படியில் அவர் உட்கார்ந்த இடமும் சாய்ந்த இடமும் கன்னங்கரேலென்று பதிந்திருந்தன. அதோடு விட்டாரா? பெரிய மனது பண்ணி, எண்ணெய் போக்கத் தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூளைக் குழைத்துத் தானே தேய்த்துக் கழுவினார். கறுப்போடு பச்சையும் சேர்ந்துகொண்டது. அடி ஆத்தி, இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அம்மா முந்தானையைக் கசக்கியபடி தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமா அந்தப் படியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "மரம்னா எண்ணெ குடிக்கத்தானுங்க செய்யும் மச்சான். முதுகு தேவலீங்களா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் காதைத் திருகிய கை எங்கே போயிற்று?

அடுத்த சனிக்கிழமை போனபோது, படியின் கறையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். மேல்படியில் புதிதாக ஒரு பலகை கிடந்தது. ஆணி இல்லை, தனியாகத் தூக்கி எடுக்கலாம். "இது மச்சானுக்கு மட்டுமுங்க, வேற யாரும் உக்காரக் கூடாது" என்றார். அப்பா அதன் விளிம்பைத் தடவி, புரட்டிப் பார்த்து, கடகடவென்று சிரித்தார். படியைக் கெடுத்தவருக்கு உசந்த ஆசனமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார். "எம்பட பலகைய அவன் எதுக்குத் தேய்க்கோணும்? நாளைக்கு நீயே போய்த் தேச்சுக் காய வெச்சுட்டு வா."

அதிலிருந்து சனிக்கிழமை அப்பா எண்ணெயோடு உட்கார்ந்துவிட்டு வர, ஞாயிறு தவறாமல் அம்மா வேலூருக்குப் போனாள். வீட்டில் எந்த வேலையையும் சட்டுப்புட்டென்று முடிக்கிறவள், முழநீளப் பலகை ஒன்றைத் தேய்க்கக் காலை பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்ந்துதான் வந்தாள். இந்த ஒரு வேலை மட்டும் அம்மாவுக்கு வரவில்லை என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அப்பா சாப்பிடும்போது யோசனை சொன்னேன். நம் பட்டறையில்தான் பலகை தேய்க்கிற மெஷின் இருக்கிறதே, பலகையை இங்கே எடுத்து வந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே.

"மெஷின் ரிப்பேரு சாமி" என்றார் அப்பா, இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்று காலையில்தான் அது ஓடியதைப் பார்த்திருந்தேன். பாவம், அப்பாவுக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.