உயிருள்ள நண்டு, ஏற்றுமதிக்கு

சண்டைக் காலத்தில் நான் நாவற்குடாவில், வாவிக் கரையில் இருந்த நண்டுக் கொட்டிலில் கிளாக்கராக இருந்தேன். வாவியில் பிடித்த நண்டுகளைப் பெண்கள் உயிரோடு கட்டி, ஈரச்சாக்கு போட்டுக் கூடைகளில் அடுக்குவார்கள். லொறியில் கொழும்பு, அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர். என் வேலை கடதாசி: கூடைக் கணக்கு, எடை, நோயில்லை என்ற சான்றிதழ். ஒரு இலக்கம் பிழைத்தாலும் அந்த நாட்டு விமான நிலையத்தில் கூடைகள் மறிபட்டு நண்டு செத்துப்போகும். என் கடதாசியால் ஒரு கூடைகூட மறிபட்டதில்லை. அதில் எனக்குத் திமிரும் இருந்தது.

அங்கே நண்டின் கொடுக்கை எல்லோரிலும் வேகமாகக் கட்டுகிற அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய புருஷன் லொறியில் கூடை ஏற்றி இறக்குபவர். இருவரும் ஒரே சைக்கிளில் வேலைக்கு வருவார்கள்.

வழியிலிருந்த சோதனைச் சாவடி வரைக்கும் கடதாசிகளைக் காட்ட நானும் லொறியில் போவேன். ஒரு நாள் காலை சாவடிச் சிப்பாய்கள் எல்லாக் கூடைகளையும் இறக்கச் சொன்னார்கள். சாக்கை விலக்கிக் குத்திப் பார்த்தார்கள். கடதாசிகளில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஆட்களின் அடையாள அட்டைகளைக் கேட்டார்கள். அக்காவின் புருஷன், அந்த அண்ணனின் அட்டை சட்டைப் பையில் நனைந்து நனைந்து, படத்தில் முகமே மங்கிவிட்டிருந்தது.

"லொறி போகலாம். இவர் நிக்கட்டும். விசாரிச்சிட்டு விடுறம்" என்றான் ஒரு சிப்பாய்.

சாரதி என்னைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கூடைகளைத் திரும்ப ஏற்றி முடித்த அண்ணன் சாரத்தில் கையைத் துடைத்தார்.

"நீங்க அனுப்புங்க தங்கச்சி, நண்டு செத்துப்போகும். நான் பின்னால வாறன்."

நான் சாரதியிடம், "லொறிய எடுங்க" என்றேன். லொறி போனது. நான் பஸ் பிடித்துக் கொட்டிலுக்குத் திரும்பினேன்.

பின்னேரமாகியும் அவர் வரவில்லை. அக்காவோடு சாவடிக்குப் போனேன். அப்படி ஒருவரைத் தாங்கள் மறிக்கவே இல்லை என்றார்கள். காலையில் நின்ற சிப்பாய்களில் ஒருவரும் அங்கே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் முகாம் முகாமாக அலைந்தோம். எங்கேயும் அதே பதில்தான்.

மூன்றாம் நாள் சிங்கப்பூரிலிருந்து தகவல் வந்தது: ஒரு நண்டுகூடச் சாகவில்லையாம். முதலாளி அதைக் கொட்டிலில் நின்று சத்தமாக வாசித்தார். கட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை.

மறுநாள் என் மேசைக்கு வந்து நின்ற அக்கா, விரித்துக் கிடந்த படிவங்களைப் பார்த்தார்.

"இவ்வளவு எழுதுறீங்க புள்ள. அவர இறக்கி வெச்சத்துக்கும் ஒரு துண்டு எழுதி வாங்கியிருக்கலாமே."

அதன்பிறகு அவர் வேலைக்கு வரவில்லை. கரடியனாற்றில் தமக்கையோடு இருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த லொறிக்கான கடதாசிகளை எழுதினேன். அவையும் பிழையில்லாமல்தான் இருந்தன.