வெள்ளிக்கிழமையும் புகைக்குழாயும்

அடித்து விரட்டினேனாம்! யார் அடித்தது, யார் விரட்டியது? எதிர்வீட்டுச் சண்முகத்தாய் தன் வாசலில் நின்று பார்த்ததைத் தாயில்பட்டி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். என் மருமகள் முத்துமாரி அழுத கண்ணோடு, கையில் மூட்டையோடு வீட்டைவிட்டுப் போனாளாம். கண்ணீர் நிஜம். மூட்டையும் நிஜம். மற்றதெல்லாம் சண்முகத்தாயின் வாய்.

முத்துமாரியைப் பற்றி ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. அடுப்படிக்குள் போகும்போதெல்லாம் வாசலில் இருக்கும் செப்புக் குடத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவாள். மந்திரம் போடுகிறாள் என்றார்கள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிறவள். உடம்பில் இருக்கிற கரண்டு இறங்கட்டும் என்று, அங்கே கதவுப் பக்கத்துச் செப்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்ட பிறகுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்குக் காப்பி போடப் போனாலும் தொடுவாள். அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். என் காப்பி என்ன வெடிக்கவா போகிறது?

தீப்பொறி என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. எங்கள் விறகடுப்பின் புகைக்குழாயை ஒட்டித்தான் ஆட்டுக் கொட்டகை, பனையோலை வேய்ந்தது. ஆடு அப்போதுதான் குட்டி போட்டிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மகள் வீட்டுச் சம்பந்திகள் மதியம் சாப்பிட வருகிறார்கள் என்று முத்துமாரி லீவு போட்டிருந்தாள். வீட்டில் கேஸ் இருக்கிறது. ஆனாலும் என் சாம்பார் விறகடுப்பில்தான் கொதிக்கும். பற்றவைத்துவிட்டேன். அவள் குடத்தைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள். கரண்டிக் காம்பால் குழாயைத் தட்டினாள். டங்கென்று கேட்க வேண்டியது சொத்தென்றது.

“அத்தை, குழாய்க்குள்ள கரி அப்பிக் கெடக்கு. பாருங்க, புகை மேல போகாம நம்ம முகத்துக்கே வருது. நேத்து ரசத்துலயும் கரித்தூள் விழுந்துச்சு.”

“அது மிளகுடி.”

“மிளகு மிதக்குமாக்கும், விரலை வச்சா மை மாதிரி ஒட்டுமாக்கும்! உள்ள தார் கணக்கா மின்னுது அத்தை. அது பத்துனா பொறி நேரா கொட்டகை மேலதான். அடுப்பை அணைங்க. சாம்பாரை கேஸ்ல வைப்போம். சூடு ஆறவும் நான் குழாயை அடிச்சு விட்டுருதேன்.”

“வெள்ளிக்கிழமை எவளாவது ஒட்டடை அடிப்பாளா? லட்சுமி வெளிய போயிருவா.”

“அப்ப லட்சுமியை நீங்க பாத்துக்கோங்க. ஆட்டை நான் கூட்டிட்டுப் போறேன்.”

நான் இன்னொரு விறகைத் திணித்தேன். அவளுக்கு மட்டுந்தான் பிடிவாதம் இருக்குமா?

கொட்டகையிலிருந்து தெருவுக்கு வர வேறு வழி கிடையாது. என் பழைய சேலையில் குட்டியைச் சுற்றிக் கையில் இடுக்கிக்கொண்டு, தாய் ஆட்டைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு, நடுவீடு வழியாகத்தான் வந்தாள். அதற்குள் வீடு முழுக்கப் புகை. அவள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டுகிறது. என் கண்ணிலும்தான்; அதை ஏன் சண்முகத்தாய் சொல்லவில்லை?

வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். “அத்தை, ஆடு வந்துருச்சு. அடுத்து நீங்கதான். அடுப்புல தண்ணிய ஊத்திட்டு வாங்க, நான் வேப்பமரத்தடியில நிக்கேன்.”

சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். கண் எரிந்ததால் ஊற்றினேன். அவள் சொன்னதற்காக இல்லை.